டெர்ரி வாலிஸின் சிறுமூளை

எங்க சித்தப்பாவுக்கு பைக் விபத்தில் தலையில் அடி பட்டபோது டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் இருக்கு: "ஆறு மாசத்துக்குள்ள என்ன வருதோ அதுதான், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க." ஏழாவது மாசம் பிசியோதெரபியை நிறுத்தலாம்னு வீட்டில் சொன்னது நான்தான். வலது கை அப்படியே நின்னுபோச்சு. அந்த ஆறு மாசக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் குறிப்பு.

வேர் ரொம்பப் பழசு. நரம்பணுக்களை வரைந்து காட்டிய ஸ்பெயின்காரர் ரமோன் இ காஹால், வளர்ந்த மூளையில் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அதை மாற்றுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். முதல் பாதியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதை மறந்துவிட்டார்கள்.

1956இல் சபீனா ஸ்ட்ரிச் என்ற இங்கிலாந்து நோயியலாளர், தலைக்காயத்துக்குப் பின் மீளாமலே இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். மேற்புறணி பெரும்பாலும் சரியாக இருந்தது, உள்ளே வெண்பொருளின் இழைகள் சிதைந்து கிடந்தன. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கு, கேபிள் அறுந்துபோச்சு. சிக்கல் என்னன்னா, இறந்த பிறகுதான் இதைப் பார்க்க முடியும். 1971இல் வந்த சிடி ஸ்கேன் ரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும் காட்டும், இந்த இழைகளைக் காட்டாது.

காட்டியது 1994இல் பீட்டர் பாஸரும் கூட்டாளிகளும் முன்வைத்த டிஃப்யூஷன் டென்சர் முறை. எம்.ஆர்.ஐ.யிலேயே எடுப்பதுதான். இழையின் நீளவாக்கில் தண்ணீர் சுலபமாகப் பரவும், குறுக்கே அவ்வளவாகப் பரவாது. ஒவ்வொரு சிறு கனசதுரத்துக்கும் ஒரு 3×3 சமச்சீர் அணி, அதாவது ஆறு எண்கள். அதன் ஐகன் மதிப்புகளைக் கணக்கிட்டால் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்று தெரியும். இரண்டாம் வருஷ கணக்குப் பாடத்தில் தூக்கம் வரவழைத்த அதே ஐகன் மதிப்புதான்!

இனி டெர்ரி வாலிஸ். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக்காரர். 1984 ஜூலையில் அவர் போன பிக்கப் வண்டி பாலத்திலிருந்து விழுந்தது. பிறகு 19 வருஷம் ஒரு பராமரிப்பு இல்லத்தில். குடும்பம் அவரை அவ்வப்போது வீட்டுக்குக் கூட்டிப்போய்வந்தது. நரம்பியல் நிபுணரிடம் மறுபரிசோதனை கேட்டபோது செலவு அதிகம், பலன் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2003 ஜூனில் ஒருநாள் அவர் "அம்மா" என்றார். ரீகன்தான் இன்னும் ஜனாதிபதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அப்புறம் நடந்தது. நியூயார்க்கில் ஹென்னிங் வாஸ், நிக்கோலஸ் ஷிஃப் குழு அவரை இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தது. பேச ஆரம்பித்து எட்டு மாசத்தில் ஒன்று, அதற்கு 18 மாசம் கழித்து இன்னொன்று. முதல் ஸ்கேனில் மூளையின் பின்பக்க நடுப்பகுதியில் இழை ஒழுங்கு வழக்கத்துக்கு மாறாக அதிகம். இரண்டாவதில் அது தணிந்திருந்தது, சிறுமூளையின் நடுப்பகுதியில் கூடியிருந்தது. அதே இடைவெளியில்தான் முன்பு அசையாத கால்களில் அசைவு மேம்பட்டிருந்தது. விபத்து நடந்து 20 வருஷம் தாண்டி! 2006இல் கட்டுரை வெளியானது.

இதை வைத்து புது இழை முளைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த எண் ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆளும் ஒரே ஆள். நான் இதை ஒரு பக் ரிப்போர்ட் மாதிரிதான் பார்க்கிறேன். "ஆறு மாசத்துக்கு மேல் நடக்காது" என்ற விதியை உடைக்க ஒரே ஒரு கேஸ் போதும், ஆனால் எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்ல அது போதாது. ஆரம்ப மாதங்களில்தான் வேகம் அதிகம் என்பதும் உண்மைதான். வேகம் குறைவதும் கதவு மூடுவதும் ஒன்று என்று நினைத்தது என் தப்பு.

வாலிஸ் 2022இல் இறந்தார். கடைசிவரை எழுந்து நடக்கவில்லை.

சித்தப்பாவின் சிடி ஃபிலிம் பீரோ மேலேயே இருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அவரு டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சுடா, நீ பார்க்கல"ன்னாங்க. வர்ற திங்கள்கிழமை பிசியோதெரபிஸ்ட் வர்றார்.