பேரண்டம் விரிகிறது என்று எப்படித் தெரிந்தது?

திருக்குர்ஆனின் 51வது அத்தியாயமான அத்தாரியாத்தில், வானத்தைப் பற்றிப் பேசும் 47வது வசனம் பயான்களிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. கூடவே, 'பேரண்டம் விரிவடைவதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற ஒற்றை வரியும் வந்துவிடும். அந்த வசனத்தில் உள்ள சொல்லை முற்கால விரிவுரையாளர்களில் சிலர் ஆற்றல் என்ற பொருளிலும், சிலர் விசாலம் என்ற பொருளிலும் விளக்கியிருக்கிறார்கள். அந்த ஆய்வு ஆலிம்களுக்கு உரியது. நாம் இங்கே பார்க்கப்போவது அந்த ஒற்றை வரியை மட்டும்தான். பள்ளியில் படிக்கும் பிள்ளை, "யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டுமல்லவா?

அடுப்பின் நீலச் சுவாலையில் ஒரு சிட்டிகை உப்புப் பட்டால் மஞ்சளாக எரியும். உப்பிலுள்ள சோடியம் எங்கே இருந்தாலும் அந்த மஞ்சளைத்தான் தரும். இப்படி ஒவ்வொரு தனிமத்துக்கும் சொந்த நிறங்கள் உண்டு. விண்மீனின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால், அங்குள்ள தனிமங்கள் உறிஞ்சிய நிறங்கள் கருங்கோடுகளாகத் தெரியும். கால்சியத்தின் இரண்டு கோடுகள் ஊதா நிறப் பகுதியில், குறிப்பிட்ட இடத்தில் இருக்கும். அவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் ஒளியின் அலை நீண்டிருக்கிறது என்று பொருள். அதாவது, அந்தப் பொருள் நம்மை விட்டு விலகுகிறது. நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் அது நம்மை நோக்கி வருகிறது.

அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912இல் முதன்முதலாக ஆண்ட்ரோமெடாவை இப்படி அளந்தார். (964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் சிறு மேகம் என்று குறித்துவைத்ததும் இதைத்தான்.) விடை என்ன தெரியுமா? அது வினாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது! முதல் அளவீடே விரிவுக்கு எதிராகத்தான் இருந்தது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. ஆண்ட்ரோமெடா நம் பக்கத்து வீடு. அங்கே ஈர்ப்பு விசை வென்றுவிடுகிறது. ஸ்லைஃபர் விடாமல் தொடர்ந்தார். 1917க்குள் அவர் கணக்கில் வந்த 25 சுருள்களில் 21 விலகிக்கொண்டிருந்தன.

வேகம் கிடைத்துவிட்டது. தூரம்தான் கடினமான பகுதி. ஹார்வர்டில் பணியாற்றிய ஹென்றியேட்டா லீவிட், செஃபீட் என்ற வகை விண்மீன்கள் கூடிக் குறைந்து ஒளிர்வதைக் கவனித்து, அந்தச் சுற்று எவ்வளவு நீளமோ அவ்வளவு பிரகாசமான விண்மீன் அது என்று 1912இல் காட்டினார். ஒரு பல்பு எத்தனை வாட் என்று தெரிந்தால், அது மங்கித் தெரிவதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். எட்வின் ஹபிள் 1923இல் ஆண்ட்ரோமெடாவில் அப்படியொரு விண்மீனைக் கண்டார். 1929இல் 24 விண்மீன் திரள்களின் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து வெளியிட்டார். வேகங்களில் பெரும்பாலானவை ஸ்லைஃபர் அளந்தவை. இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில் விலகியது. பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெட்ர் என்ற பாதிரியார் 1927லேயே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து இதை வருவித்திருந்தார். அதனால் 2018இல் சர்வதேச வானியல் சங்கம் இந்த விதியை ஹபிள்-லெமெட்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

எல்லாமே நம்மை விட்டு ஓடுகின்றன என்றால், நாம்தான் நடுவில் இருக்கிறோமா? தையல் எலாஸ்டிக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு மடங்காக இழுத்துப் பாருங்கள். பக்கத்துப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் நகரும். ஐந்தாவது புள்ளி ஐந்து சென்டிமீட்டர் நகரும். எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் இதே காட்சிதான். விண்மீன் திரள்கள் வெளியின் ஊடாகப் பறக்கவில்லை. இடைப்பட்ட வெளிதான் நீள்கிறது. நம் வீடும் பூமியும் பால்வீதியும் விரிவதில்லை. அவற்றை விசைகள் கட்டிவைத்திருக்கின்றன.

ஹபிளின் எண் தவறாகத்தான் இருந்தது. 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு வினாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்றார் அவர். அப்படியானால் பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகள்தான் வரும். பூமியின் பாறைகளே அதைவிட மூத்தவை! 1952இல் வால்டர் பாடே, செஃபீட்களில் இரண்டு வகை உண்டென்று காட்டியதும் தூரங்கள் இரட்டிப்பாயின. பிறகு மேலும் திருத்தங்கள் வந்தன. இன்று அந்த எண் 70ஐ ஒட்டி நிற்கிறது. வயது 1,380 கோடி ஆண்டுகள்.

'ஒளி நெடுந்தூரம் வருவதால் ஆற்றலை இழந்து சிவக்கிறது, விரிவெல்லாம் இல்லை' என்று ஒரு மறுப்பும் எழுந்தது. நியாயமான சந்தேகம்தான். அதைச் சோதித்தது சூப்பர்நோவா. ஒரு வகைச் சூப்பர்நோவாக்கள் ஏறக்குறைய ஒரே கால அளவில் பிரகாசித்து மங்கும். ஒளியலை இரண்டு மடங்கு நீண்டு வந்து சேரும் தொலைவில் உள்ளவை, மங்குவதற்கும் இரண்டு மடங்கு காலம் எடுக்கின்றன. களைத்துப்போன ஒளி வெடிப்பின் கடிகாரத்தை மெதுவாக்காது. விரியும் வெளி மெதுவாக்கும். என் பார்வையில் எல்லாவற்றிலும் தெளிவான சான்று இதுதான். 1965இல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணி, பேரண்டம் ஒரு காலத்தில் நெருக்கமாகவும் வெப்பமாகவும் இருந்ததன் மிச்சம். இன்று அதன் வெப்பநிலை 2.7 கெல்வின்.

1998இல் இரண்டு குழுக்கள், விரிவு குறையவில்லை, வேகம் கூடுகிறது என்று கண்டன. 2011இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. காரணமாகச் சொல்லப்படும் இருண்ட ஆற்றல் என்னவென்று எவருக்கும் தெரியாது.

விரிவின் வேகத்திலும் ஒரு வழக்கு தீராமல் இருக்கிறது. செஃபீட்களையும் சூப்பர்நோவாக்களையும் வைத்து அளந்தால் 73 வருகிறது. நுண்ணலைப் பின்னணியை ஆராய்ந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுகளிலிருந்து கணக்கிட்டால் 67 வருகிறது. செஃபீட் அளவில் பிழையோ என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் மறுபடியும் பார்த்தார்கள். பழைய அளவுகள் அப்படியே நின்றன.