டிகிரி முடித்து விமானப்படை பைலட் ஆகணுமா? கோச்சிங் சேரும் முன் செக் பண்ண வேண்டியவை இவைதான்!

தஞ்சாவூரில் சுகோய், சூலூரில் தேஜஸ் என போர் விமானங்கள் நம் ஊர் வானத்திலேயே பறக்கின்றன. அதைப் பார்த்து 'நாமும் பைலட் ஆகணும்' என்று நினைக்கும் மாணவர்கள் பலர், டிகிரி முடித்ததும் நேராக எழுத்துத் தேர்வு கோச்சிங்கில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் எழுத்துத் தேர்வில் பாஸ் ஆன பிறகும் கண், கால் நீளம் போன்ற காரணங்களால் வெளியேற வேண்டி வரலாம். படித்து மாற்ற முடியாத விஷயங்களை முதலில் செக் பண்ணிவிட்டால் பணமும் மிச்சம், வருஷமும் மிச்சம்.

என்னென்ன வழிகள்?

கல்லூரி படித்தவர்கள் ஃபிளையிங் பிரிவில் அதிகாரியாகச் சேர முக்கியமாக 3 வழிகள் உள்ளன.

• ஏஎஃப்கேட்: விமானப்படையே ஆண்டுக்கு 2 முறை நடத்தும் தேர்வு. ஆண், பெண் இருவரும் எழுதலாம். ஃபிளையிங் பிரிவில் பணிக்காலம் 14 ஆண்டுகள்.

• சிடிஎஸ்: யுபிஎஸ்சி ஆண்டுக்கு 2 முறை நடத்துவது. இதில் தேர்வாகி விமானப்படையில் சேர்பவர்களுக்கு நிரந்தரப் பணி.

• என்சிசி சிறப்பு வழி: ஏர் விங் 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. நேரடியாக நேர்முகத் தேர்வுக்குப் போகலாம்.

முதலில் ப்ளஸ் டூ மார்க்‌ஷீட்டை எடுங்கள்

டிகிரி எந்தப் பாடமாக இருந்தாலும் பரவாயில்லை. பி.ஏ., பி.காம். படித்தவர்கூட பைலட் ஆகலாம். ஆனால் ஏஎஃப்கேட் வழியாக வர, ப்ளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தலா 50 சதவீதம் இருக்க வேண்டும். டிகிரியில் 60 சதவீதம் வேண்டும். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கையில் அரியர் இருக்கக் கூடாது.

வயதுக் கணக்கு எங்கே தப்பாகிறது?

'20 முதல் 24 வரை' என்று படித்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வு எழுதும் நாளில் உள்ள வயதை விமானப்படை பார்ப்பதில்லை. பயிற்சி தொடங்கும் நேரத்து வயதுதான் கணக்கு. பிப்ரவரியில் நடக்கும் ஏஎஃப்கேட் தேர்வுக்கு, அடுத்த ஆண்டு ஜனவரி 1 அன்று உள்ள வயது பார்க்கப்படும். ஆகஸ்ட் தேர்வுக்கு அடுத்த ஆண்டு ஜூலை 1.

அப்படியானால், தேர்வு நாளில் ஒருவருக்கு 23 வயதாகி ஓரிரு மாதம் தாண்டிவிட்டாலே கதவு மூடிவிடும். 4 ஆண்டு இன்ஜினியரிங் முடித்து 22 வயதில் வெளியே வருபவருக்கு மிஞ்சுவது இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகள்தான். அதனால் இறுதியாண்டிலேயே முதல் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது. டிஜிசிஏ வழங்கும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 26 வயது வரை சலுகை உண்டு.

கண்ணும் காலும் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஃபிளையிங் பிரிவுக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. அதோடு உட்கார்ந்த நிலையில் எடுக்கும் அளவுகளும் உண்டு:

• கால் நீளம்: 99 முதல் 120 செ.மீ.
• தொடை நீளம்: அதிகபட்சம் 64 செ.மீ.
• உட்கார்ந்த உயரம்: 81.5 முதல் 96 செ.மீ.

காக்பிட்டில் பெடலுக்குக் கால் எட்ட வேண்டும். ஆபத்து நேரத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும்போது முழங்கால் எதிலும் இடிக்கக் கூடாது. அதற்குத்தான் இந்த அளவுகள். ஆறடி உயரம் இருப்பவரும் தொடை நீளத்தால் ரிஜெக்ட் ஆகலாம்.

பார்வை ஒரு கண்ணில் 6/6, மற்றொன்றில் 6/9 இருக்க வேண்டும். தூரத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி போடுபவர்களுக்கு, அதாவது கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, ஃபிளையிங் பிரிவில் இடமில்லை. நிறக்குருடு இருந்தாலும் முடியாது. 20 வயதுக்கு முன் லேசிக் செய்தால் ஏற்கமாட்டார்கள். அதன் பிறகு செய்வதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு. அவசரப்பட்டு ஆபரேஷன் செய்வதற்கு முன் அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிடுங்கள். டாட்டூவுக்கும் கட்டுப்பாடு உண்டு.

ஒரு கண் மருத்துவர், ஒரு டேப் இருந்தால் போதும். இதையெல்லாம் ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம்.

எழுத்துத் தேர்வு எப்படி?

ஏஎஃப்கேட்டில் 2 மணி நேரத்தில் 100 கேள்விகள், மொத்தம் 300 மார்க். சரியான விடைக்கு 3, தவறினால் 1 மார்க் கழியும். ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு, ரீசனிங் ஆகியவை பாடங்கள். சமீப ஆண்டுகளில் கட்-ஆஃப் 300-ல் பாதியை ஒட்டியே இருந்திருக்கிறது. தெரியாத கேள்வியை விட்டுவிடப் பழகினாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

5 நாள் நேர்முகத் தேர்வு

டேராடூன், மைசூரு, காந்திநகர், வாரணாசி போன்ற இடங்களில் உள்ள தேர்வு வாரியங்களில் இது நடக்கும். முதல் நாளே படம் பார்த்துக் கதை எழுதி, குழுவாக விவாதிக்கச் சொல்வார்கள். அதில் தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். மற்றவர்களுக்கு மனோதத்துவத் தேர்வு, மைதானத்தில் குழுப் பணிகள், தனி நேர்காணல்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இங்கே அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. நினைத்ததைத் தயங்காமல், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல வந்தால் போதும். தினமும் நண்பர்களோடு 20 நிமிடம் ஒரு செய்தியைப் பற்றி ஆங்கிலத்தில் விவாதித்துப் பழகலாம். மனப்பாடம் செய்த பதில்கள் இங்கே எடுபடாது.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை

நேர்முகத் தேர்வில் தேர்வானவர்கள் சிபிஎஸ்எஸ் என்ற கணினிவழி பைலட் தேர்வை எழுத வேண்டும். விமானக் கருவிகளைப் படித்துச் சொல்வது, கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பது என இரண்டும் இதில் உண்டு. இதில் தோற்றால் மறு வாய்ப்பே கிடையாது. அடுத்த முறை ஏஎஃப்கேட்டில் எவ்வளவு மார்க் எடுத்தாலும் ஃபிளையிங் பிரிவுக்குப் போக முடியாது.

அதனால் 'சும்மா போய்ப் பார்ப்போம்' என்று இதற்குப் போகாதீர்கள். உயரமானி, வேகமானி, செயற்கைத் தொடுவானம், திசைகாட்டி ஆகியவற்றை எப்படிப் படிப்பது என்று முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். தேர்வுக்கு முன் சொல்லும் விளக்கத்தை ஒரு வார்த்தை விடாமல் கேளுங்கள்.

எந்த வருஷம் என்ன செய்யலாம்?

• முதலாண்டு: கண், கால் அளவு செக். கல்லூரியில் இருந்தால் என்சிசி ஏர் விங்கில் சேர்வது.
• இரண்டாமாண்டு: ஓட்டம், உடற்பயிற்சி, தினசரி ஆங்கிலப் பேச்சு.
• இறுதியாண்டு: அரியர் இல்லாமல் 60 சதவீதம், ஏஎஃப்கேட், சிடிஎஸ் இரண்டுக்கும் விண்ணப்பம்.

கிடைக்காவிட்டால்?

கண்ணாடி போட்டவர்கள் மனம் தளர வேண்டாம். டெக்னிக்கல், நிர்வாகம், லாஜிஸ்டிக்ஸ், கணக்கு போன்ற தரைப் பணிப் பிரிவுகளில் 26 வயது வரை வாய்ப்பு உண்டு. அங்கே பார்வை விதிகளும் கொஞ்சம் தளர்வானவை. அவர்களும் அதே சீருடை போட்ட அதிகாரிகள்தான்.

தேர்வானவர்களுக்கு ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் பயிற்சி. அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய 3 பெண்கள் 2016-ல் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றதும் அங்கிருந்துதான். அந்த வாசலுக்குப் போகும் வழி, இன்று வீட்டில் ஒரு டேப் எடுத்து அளப்பதிலிருந்தே தொடங்கலாம்.