புதுவைக் கிராமங்களில் ஆங்கிலச் சொற்றொடர் வினைகள்

ஆங்கிலத்தில் 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் கூடி 'கிவ் அப்' ஆகும்போது கைவிடு என்று பொருள் மாறிவிடுகிறது. சிறிய வினை ஒன்றும் இடைச்சொல் ஒன்றும் சேர்ந்து புதுப்பொருள் தரும் இவ்வகைச் சொற்களைச் சொற்றொடர் வினைகள் எனலாம். அயல்மொழியினர் மிகவும் இடர்ப்படும் இடம் இதுவே என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு இச்சொற்கள் வந்து சேர்ந்த கதை, தமிழ்நாட்டுக் கிராமங்களின் கதையிலிருந்து சற்றே வேறுபட்டது.

வீட்டுப் பேச்சு ஒன்று, கல்வி மொழி வேறொன்று என்ற நிலை பாகூருக்குப் புதிதன்று. அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் கூறுகின்றன. அன்று அந்த இடத்தில் வடமொழி இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பகுதிகள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1880ஆம் ஆண்டு ஆணையால் கொம்யூன்கள் அமைந்தன. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணையைக் கடந்தால் கடலூர். அங்கே அலுவலகத்தில் ஆங்கிலம். ஆற்றுக்கு இப்புறம் பிரெஞ்சு.

பிரெஞ்சு விட்டுச்சென்ற சொற்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே: மேரி, நொத்தேர், சொல்தா, கொம்யூன். அலுவலகத்தையும் ஆளையும் குறிக்கும் சொற்கள் தங்கின. வினைகள் ஊர்ப்பேச்சில் வேர்விடவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் பிரெஞ்சு மொழிக்கு இடம் வைத்திருந்தது; 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை முன்வைத்து, ஆங்கிலத்தையும் பயன்படுத்த வழிவிட்டது. கோப்புகளில் ஆங்கிலமே ஓங்கியது.

பிரெஞ்சு படித்தவருக்கு ஆங்கிலத்தின் ஒரு பாதி எளிது. பொறுத்துக்கொள்வதற்குப் பிரெஞ்சில் 'தொலெரே', ஆங்கிலத்தில் 'டாலரேட்'. தொடர்வதற்கு அங்கே 'கொந்தினுவே', இங்கே 'கன்டினியூ'. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் வந்து குவிந்த சொற்களின் பலன் அது. ஆனால் அதே பொருளுடைய 'புட் அப் வித்', 'கேரி ஆன்' ஆகியவற்றுக்குப் பிரெஞ்சு கைகொடுக்காது. கோப்பு ஆங்கிலத்துக்கும் வாய்ப்பேச்சு ஆங்கிலத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

அந்த வாய்ப்பேச்சுச் சொற்களில் பல, பள்ளிக்கூட வாசல் வழியாக வரவில்லை, இயந்திரங்களோடு வந்தன. தமிழகம் முழுவதும் போலவே இவ்வூர்களின் கழனிகளிலும், "மோட்டார ஆஃப் பண்ணிட்டு வா" என்பது அன்றாடப் பேச்சு. இதில் நிகழ்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதில் 'ஸ்விட்ச்' என்ற வினை உதிர்ந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த 'ஆஃப்' மட்டும் நிலைத்து, 'பண்ணு' என்ற தமிழ் வினையைத் துணைக்கு வைத்துக்கொண்டது. கரண்டும் 'ஆஃப்' ஆகிறது. விண்ணப்பத்தை 'ஃபில்லப்' பண்ணுகிறார்கள்; பேருந்து 'பிரேக்டவுன்' ஆகிறது. வண்டியில் 'பிக்கப்' இல்லை என்றால் வேகம் எடுக்கவில்லை என்று பொருள். 'செட்டப்' என்பது ஏற்பாடு என்ற பொருளைத் தாண்டி, திட்டமிட்ட ஏமாற்று என்பதுவரை போய்விட்டது. இவற்றைப் பிழை என்று ஒதுக்குவது சரியன்று. தமிழ் தன் இலக்கணப்படி இவற்றை வாங்கிக்கொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த அமைப்பு தமிழருக்கு அந்நியமே அன்று. 'தள்ளு', 'போடு' இரண்டும் தனித்தனியே அறிந்தவருக்கும் 'தள்ளிப்போடு' என்பதன் பொருளைச் சொல்லித்தான் தரவேண்டும். ஆங்கிலத்தில் அது 'புட் ஆஃப்'. 'புட்' என்பதும் போடுதானே! 'லுக் ஆஃப்டர்' என்பது 'பார்த்துக்கொள்'. 'கிவ் இன்' என்பது 'விட்டுக்கொடு'. ஆங்கிலம் இடைச்சொல்லால் செய்வதைத் தமிழ் இன்னொரு வினையால் செய்கிறது.

இந்த ஒப்புமையைக் காட்டிக் கற்பிப்பது அரிது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி, அண்மையில் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. பாடத்திட்டம் எதுவானாலும், மாணவர்கள் இவ்வினைகளைப் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும். காதில் விழுந்தவையே தங்கும். கல்லூரி முடித்ததை 'பாஸ் அவுட்' என்று சொல்வது இந்தியா முழுவதும் வழக்கம். வெளிநாட்டு நிறுவன நேர்காணலில் அதைக் கேட்பவர், மயங்கி விழுந்ததாக எண்ணக்கூடும். 'கோப் வித்' என்பதன் நடுவே 'அப்' சேர்ப்பதும் அத்தகையதே. நம்மூர் ஆங்கிலத்தில் அது ஓசைக்குப் பொருந்தி நிற்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பவரின் தாளிலோ மதிப்பெண் குறைகிறது.