வலுவும் அடக்கமும்: விரைவுச் சொகுசுக் கார்களின் வரலாறு

கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமுடையது. அது இரத்தினபுரியைக் கடந்து, பலாங்கொடை வழியாக மலையேறி, பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கமாக வளைந்து வளைந்து வெல்லவாயவுக்கு இறங்குகிறது. பின்னர் மொனராகலை, சியம்பலாண்டுவ ஊடாகப் பொத்துவிலை அடைகிறது. அங்கிருந்து அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு வடக்கே செல்கிறது. இந்த ஒரே சாலை, அதில் ஓடும் காருக்கு இரண்டு பரீட்சைகளை வைக்கிறது. கரையோரச் சமவெளியின் நேர்வழி, கார் எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்கிறது. மலைச்சரிவின் வளைவுகளோ, அக்கார் ஓட்டுநரின் சொற்கேட்டு எவ்வளவு செம்மையாகத் திரும்பும், நிற்கும் என்று கேட்கின்றன. முன்னதை வலு என்றும் பின்னதை அடக்கம் என்றும் ஈண்டு குறிப்பிடலாம்.

இவ்வேறுபாடு கல்முனைக் கரையின் நெல்வயல் மக்களுக்குப் புதியதன்று. மூட்டை ஏற்றிய வண்டிலைக் குறுகிய வயற்பாதையில் ஓட்டியவர்கள், வலிய மாட்டையும் பழகிய மாட்டையும் வேறு வேறாகவே மதித்தார்கள். வலிமை மட்டும் உடைய மாடு வண்டிலை வாய்க்காலில் இறக்கிவிடும். பழக்கம் மட்டும் உடைய மாடு சுமையை மேட்டில் ஏற்றமாட்டாது. மோட்டார்க் கார்களைச் செய்த மேனாட்டுப் பொறியியலாளர் இதே உண்மையைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. குடும்பத்தினர் ஐவர் வசதியாக அமரக்கூடிய நான்கு கதவுக் காருக்குப் பந்தயக் காரின் வேகத்தையும் கொடுக்க முயன்றவர்களின் வரலாற்றில் அதனைத் தெளிவாகக் காணலாம்.

அவ்வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர் இங்கிலாந்தின் வில்லியம் லயன்ஸ் என்பவர். 1922 ஆம் ஆண்டு பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டிகளைச் செய்யும் சிறு தொழிலை அவர் ஒரு கூட்டாளியுடன் தொடங்கினார். 1928 இல் தொழில் கொவென்றி நகருக்கு மாறியது. 1931 இல் அவர் வெளியிட்ட எஸ்.எஸ்.1 என்ற கார், நீண்ட முகமும் தாழ்ந்த கூரையும் கொண்டு கண்ணைப் பறித்தது. ஆனால் அதன் தோற்றம் காட்டிய வேகம் அதன் இயந்திரத்தில் இல்லை. இக்குறையை உணர்ந்த லயன்ஸ் இயந்திரத்தில் கவனம் செலுத்தினார். 1935 இல் ஜகுவார் என்ற பெயரைத் தாங்கிய முதலாவது கார் 395 பவுண் விலையில் வெளிவந்தது. அத்தகைய தோற்றமும் வலுவும் உடைய காருக்கு அது மிகக் குறைந்த விலை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானக் குண்டுவீச்சினால் கொவென்றி பெரிதும் பாதிக்கப்பட்டது. தொழிற்சாலைக் கூரையில் தீக்காவல் இருந்த இரவுகளில், லயன்ஸும் அவருடைய பொறியியலாளரும் புதியதோர் இயந்திரத்தைப் பற்றி ஆலோசித்தனர். அதன் பயனாக 1948 இல் ஆறு உருளைகளும் 3.4 லீற்றர் கொள்ளளவும் கொண்ட எக்ஸ்.கே. இயந்திரம் பிறந்தது. வலுவுக்கு இனிக் குறைவில்லை. எனினும் வலு பெருகியவுடன் வேறொரு சங்கடம் தலைதூக்கியது.

அக்காலக் கார்களின் பிரேக், சில்லுக்குள் மூடப்பட்ட உருளை வடிவினது. வேகமாக ஓடும் காரை மீண்டும் மீண்டும் நிறுத்தும்போது அதனுள் வெப்பம் தேங்கும்; தேங்கவே பிடி தளரும். ஜகுவார் நிறுவனமும் டன்லப் நிறுவனமும் இதற்கு மாற்றாகத் தட்டு வடிவப் பிரேக்கை உருவாக்கின. சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது அதன் முறை. தட்டு வெளிக்காற்றில் இருப்பதால் வெப்பம் எளிதில் அகலும். 1953 இல் பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில் இத்தகைய பிரேக் பூட்டிய ஜகுவார் வெற்றி பெற்றது. ஒவ்வொரு வளைவிலும் மற்றவர்களைவிடப் பிந்திப் பிரேக் பிடிக்க முடிந்தமையால், அவ்வண்டி சுற்றுக்குச் சுற்று நேரத்தை மிச்சப்படுத்தியது. நன்றாக நிற்கத் தெரிந்த காரே விரைவாக ஓடவும் வல்லது என்ற உண்மை அன்று உலகுக்குப் புலனாயிற்று.

ஆனால் பந்தயத்தில் கற்ற பாடம் குடும்பக் காருக்கு முழுமையாக வந்து சேரச் சில ஆண்டுகள் சென்றன. 1955 இல் ஜகுவார் ஒரு சிறிய நான்கு கதவுக் காரை வெளியிட்டு, 1957 இல் அதற்கு 3.4 லீற்றர் இயந்திரத்தைப் பொருத்தியது. அக்காரின் பின்சில்லுகளுக்கு இடையிலான அகலம் முன்சில்லுகளின் அகலத்தைவிட ஏறத்தாழ நாலரை அங்குலம் குறைவு. வளைவுகளில், அதிலும் ஈரமான வீதியில், வண்டியின் பின்பகுதி எளிதில் விலகும் என்ற குறை அதற்கு உண்டாயிற்று. 1958 ஆம் ஆண்டின் உலகப் பந்தயச் சாம்பியனான மைக் ஹோதோர்ன், பட்டம் வென்றபின் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 1959 சனவரி 22 ஆம் நாள், கில்ட்போர்ட் நகருக்கு அருகே ஈரமான பொதுவீதியில் தமது 3.4 லீற்றர் ஜகுவாரை விரைவாக ஓட்டிச் சென்றபோது வண்டி கட்டுமீறி விபத்துக்குள்ளாகி உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 29. விபத்துக்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. உலகின் தலைசிறந்த ஓட்டுநருக்கும் ஈரவீதி விதிவிலக்கு அளிப்பதில்லை என்பதே அதில் மறுக்க முடியாத செய்தி.

அதே ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த ஜகுவார் மார்க் 2 என்னும் கார், பின்சில்லுகளின் அகலத்தை மூன்றேகால் அங்குலம் கூட்டிக்கொண்டது. நான்கு சில்லுகளுக்கும் தட்டுப் பிரேக் வழங்கப்பட்டது. அதன் 3.8 லீற்றர் வகை 220 குதிரைவலுவுடன் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடியது. இங்கிலாந்தில் பொலிசாரும் அதனை விரும்பினர். பொலிசாருக்குத் தப்பியோட எண்ணிய கொள்ளையரும் அதனையே விரும்பினர். வலுவுக்கு நல்லவன், தீயவன் என்ற வேற்றுமை தெரியாதன்றோ!

ஜேர்மனியர் வேறு வழியில் சென்றனர். 1968 இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் எரிக் வாக்சன்பேர்கர் என்பவரின் முயற்சியால், மிகப் பெரிய சொகுசுக் காருக்கென ஆக்கிய 6.3 லீற்றர் இயந்திரம் அதனிலும் சிறிய காருக்குள் அமர்த்தப்பட்டது. 250 குதிரைவலு, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட ஆறரைச் செக்கன். வண்டிலுக்கும் பழைய காருக்கும் உரிய இரும்பு வில்லுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட காற்று அதன் சுமையைத் தாங்கியது. சுமை கூடினாலும் குறைந்தாலும் வண்டி தன் உயரம் மாறாது நின்றது.

1985 இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 இன்னொரு கொள்கையை முன்வைத்தது. 3.5 லீற்றர் இயந்திரம் 286 குதிரைவலுவை அளித்தது. ஆனால் வண்டியின் எடையோ ஏறத்தாழ 1,400 கிலோகிராம் மட்டுமே. மேர்சிடிஸ் பெரிய இயந்திரத்தாலும் காற்றுத் தாங்கியாலும் பெற்ற சிறப்பை, எம்5 எடைக்குறைவாலும் திருத்தமான திருப்பத்தாலும் பெற்றது. நீண்ட நேர்வழியில் முன்னதன் அமைதியும், மலை வளைவில் பின்னதன் சுறுசுறுப்பும் போற்றத்தக்கன.

இவ்விரு குணங்களின் ஒப்பீடு இலங்கையிலும் நிகழ்ந்ததுண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுகுருந்தையில் போர்க்கால விமான ஓடுதளம் பின்னாளில் பந்தயக் களமாயிற்று. தமிழ்நாட்டின் சோழவரத்திலும் அவ்வாறே. விமானத் தளத்தின் அகன்ற நேர்வழியில் பெரிய இயந்திரம் முந்தும். குறுகிய மலைப்பாதையிலோ எடை குறைந்த சிறிய வண்டிகூடப் பெரிய வண்டிக்கு ஈடுகொடுக்கும். எக்கார் சிறந்தது என்ற வினாவுக்கு, எந்த வீதியில் என்று திருப்பிக் கேட்பதே தக்க விடை.

1990 இல் லோட்டஸ் நிறுவனம் ஒரு குடும்பக் காரைத் திருத்தி 377 குதிரைவலுவும் மணிக்கு 283 கிலோமீற்றர் வேகமும் உடையதாக்கியபோது, பிரித்தானியாவில் பெருங் கண்டனம் எழுந்தது. சிறிது காலத்தில் திருடர் கையில் சிக்கிய அத்தகைய கார் ஒன்றைப் பொலிசாரின் வண்டிகள் துரத்திப் பிடிக்க இயலவில்லை. ஜேர்மன் நிறுவனங்கள் சில 1980 களின் இறுதியில் தம் கார்களின் வேகத்தை 250 கிலோமீற்றரில் மட்டுப்படுத்தத் தாமாகவே உடன்பட்டிருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

அடக்கத்தின் வளர்ச்சியும் நின்றுவிடவில்லை. 1978 இல், கடும் பிரேக்கிலும் சில்லுகள் இறுகிச் சறுக்காது காக்கும் ஏபிஎஸ் என்ற மின்னணுக் கருவி மேர்சிடிஸ் கார்களுக்கு வந்தது. 1995 இல், சறுக்கத் தொடங்கும் வண்டியின் தனித்தனிச் சில்லுகளுக்குத் தானாகவே பிரேக் கொடுத்து நேர்ப்படுத்தும் கருவியும் வந்தது. செல்வர்களின் கார்களில் முதலில் தோன்றிய இவை, இன்று சிறிய குடும்பக் கார்கள் பலவற்றிலும் உள்ளன. விரைவுக் கார்களின் வரலாறு சாதாரண மக்களுக்கு அளித்த மெய்யான கொடை இதுவே எனலாம்.

ஆயினும் எக்கருவியும் இயற்கை விதியை மாற்றமாட்டாது. நல்ல டயருடன் உலர்ந்த வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் காருக்கு, பிரேக் பிடித்தபின் நிற்க ஏறத்தாழ 12 மீற்றர் வேண்டும். 100 கிலோமீற்றரில் அது 50 மீற்றராகும்; 200 கிலோமீற்றரில் 200 மீற்றராகும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. ஓட்டுநர் அபாயத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் கடக்கும் தூரம் இதில் சேரவில்லை. 2024 இல் வந்த எம்5 காருக்கு 727 குதிரைவலு உண்டு. எடையோ 2,400 கிலோகிராமைத் தாண்டுகிறது. முதல் எம்5 இனும் ஆயிரம் கிலோகிராம் மிகுந்த அவ்வண்டியைத் தாங்குவதும் தரையில் உள்ளங்கையளவாகப் படியும் நான்கு டயர்ப் பரப்புகளே.

இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளிற்கூட 100 கிலோமீற்றரே உச்ச எல்லை. நிந்தவூரிலிருந்து மருதமுனை வரையிலோ நெடுஞ்சாலையே ஊரின் கடைத்தெருவாகவும் இருக்கிறது. பாடசாலை விட்ட பிள்ளைகளும், பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் செல்வோரும், முச்சக்கர வண்டிகளும், மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளும் அதனைக் குறுக்கே கடக்கின்றனர். அங்கு 700 குதிரைவலுவில் பெரும்பகுதிக்கு வேலையில்லை; பிரேக்குக்கும் டயருக்கும் நாள்தோறும் வேலையுண்டு. கார் வாங்கப் புகுவோர் அது எவ்வளவு ஓடும் என்று கேட்பது வழக்கம். அதற்கு முன்பாக, அது எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்பதும், தேய்ந்த டயரைக் காலத்தில் மாற்றுவதும், இவ்வரலாற்றை அறிந்தோர் கைக்கொள்ளத்தக்க நல்வழக்கங்களாகும்.