தடிமனும் ஐந்து நாள் குளிசையும்

தடிமன் பிடித்த பிள்ளைக்குச் சில நாளில் கண்ணிமை ஊதிவிடும். பிறகு முகம், கால், வயிறு. நெப்ரோட்டிக் நோயுள்ள பிள்ளையை வளர்க்கும் வீடுகளில் இது தெரிந்த சங்கதி. மழையும் பனியும் மாறிமாறி வரும் கண்டியில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தடிமன் வராமல் எப்படிக் காப்பது? தடிமன் வந்தாலும் வீக்கம் வராமல் தடுக்க முடியுமா என்ற கேள்வி பேராதனையில் ஒரு மருத்துவப் பரிசோதனையாக வளர்ந்தது.

நோய் இதுதான். ஈரல் செய்யும் அல்புமின் என்ற புரதம் இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கிறது. ஒரு லீற்றர் இரத்தநீரில் 35 முதல் 50 கிராம் வரை இருக்க வேண்டும். நெப்ரோட்டிக் நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகி, அல்புமின் சிறுநீரோடு போய்விடுகிறது. அளவு 30க்குக் கீழே இறங்க, குழாயில் நிற்க வேண்டிய நீர் உடம்பெல்லாம் கசிந்து வீக்கமாகிறது. சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு வெளுக்கும்.

புரதம் குறைகிறது என்று கேட்டதும் முட்டையும் பருப்பும் நெத்தலியும் கூடுதலாகக் கொடுக்கத்தான் எந்தத் தாய்க்கும் தோன்றும். அந்த அன்பில் பிழையில்லை. ஆனால் ஓட்டை அடைபடாதவரை சாப்பாட்டால் மட்டும் அளவு ஏறாது. வார்டில் நாளம் வழியாக ஏற்றும் அல்புமினும் பெரும்பாலும் ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். அதனால்தான் கடுமையான வீக்கத்துக்கு மட்டும் அதை வைத்திருக்கிறார்கள். ஓட்டையை அடைப்பது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வாரத்துக்குள் சிறுநீர் தெளிந்து, அல்புமின் தானாக ஏறிவிடும். துயரம் என்னவென்றால் நோய் திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் முழு அளவுக் குளிசை. அது முகத்தை உருண்டையாக்கும், உயரத்தைக் குறைக்கும், எலும்பை மெலிவிக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒரு மீள்வரவைத் தடுத்தாலே பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் அசிரி அபேகுணவர்த்தன இந்த இடத்தில்தான் கைவைத்தார். லண்டனின் ரிச்சர்ட் ட்ரொம்பீற்றரோடு சேர்ந்து அவர் நடத்திய முதற் பரிசோதனை 2008இல் வெளியானது. ஒருநாள் விட்டு ஒருநாள் குறைந்த அளவில் குளிசை எடுத்துவந்த பிள்ளைகளுக்கு, வைரசுத் தொற்று வந்த நாட்களில் மட்டும் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். மீள்வரவு குறைந்தது.

2017இல் வந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இதில் சேர்ந்தவர்கள் குறைந்தது மூன்று மாதமாக ஸ்டீரொயிட்டே எடுக்காத பிள்ளைகள். தடிமன் தொடங்கியதும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு அரை மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் குளிசை ஒரு பகுதியினருக்கு. மற்றவர்களுக்கு அதே ஐந்து நாள் மருந்தில்லாத வெறும் குளிசை. எது யாருக்கு என்பது வைத்தியருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. ஓராண்டு கழிந்ததும் இரு பகுதியும் இடம் மாறின. ஒவ்வொரு பிள்ளையையும் அதே பிள்ளையோடு ஒப்பிடும் நேர்மையான முறை இது. மருந்து எடுத்த காலத்தில் 115 தடிமனுக்கு 11 மீள்வரவு. எடுக்காத காலத்தில் 101 தடிமனுக்கு 25.

இந்த எண்ணம் பேராதனைக்கு மட்டும் உரியதல்ல. டில்லியிலும் இதேபோன்ற சோதனை நடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த உலகச் சிறுநீரக அமைப்பான கேடிகோ, அடிக்கடி மீளும் பிள்ளைகளுக்குத் தொற்றுக்காலத்தில் ஐந்து முதல் ஏழு நாள் குளிசை கொடுக்கலாம் என்று 2021 வழிகாட்டியில் பரிந்துரைத்தது.

2022இல் பிரித்தானியாவிலிருந்து வேறு விடை வந்தது. 122 வைத்தியசாலைகள், 365 பிள்ளைகள், ஆறு நாள் குளிசை. தடிமனைத் தொடர்ந்த மீள்வரவு, மருந்து எடுத்தவர்களில் 42.7 சதவீதம், எடுக்காதவர்களில் 44.3. வித்தியாசமே இல்லை. கேடிகோவும் 2025இல் தன் பரிந்துரையைத் திருப்பி, வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

இதைக் கொண்டு பேராதனையின் உழைப்பைத் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அங்கே எண்ணிக்கை சிறியது, ஒரே கிளினிக் என்பது உண்மை. ஆனால் பிரித்தானியப் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஸ்டீரொயிட்டோ வேறு மருந்துகளோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மூன்று மாதமாக மருந்தே தொடாத கண்டிப் பிள்ளையும் அவர்களும் ஒன்றா? அதே ஐந்து நாள் குளிசையைத் தென்னாசியாவில் பல வைத்தியசாலைகளில் பெரிய அளவில் மறுபடி சோதித்தாக வேண்டும். நம் பிள்ளைகளிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதால் அந்தச் செலவு நமக்குரியது.

இன்றைக்குக் கம்பளையிலோ புசல்லாவையிலோ இருக்கும் பெற்றோர் செய்யக்கூடியது: தடிமன் காலத்தில் காலைச் சிறுநீரைத் தினமும் சோதித்துக் கொப்பியில் எழுதுவது, மூன்று நாள் தொடர்ந்து புரதம் மூன்று பிளஸ் காட்டினால் உடனே கிளினிக்குக்குப் போவது. வீட்டில் மிஞ்சிய குளிசையைத் தாமாகத் தொடங்கவும் கூடாது, நெடுநாள் எடுப்பதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.