அருவிக்குப் போகும் வழியில் ஒரு நடுகல்

2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையினர் வைகைக் கரை ஊர்களில் கள ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், பழைய ஈமக்காட்டைச் சேர்ந்த மூன்று நடுகற்கள் அவர்கள் கண்ணில் பட்டன. ஆள் உயரம்கூட இல்லாத கற்கள். வில்லேந்திய வீரனோ வாளோ குதிரையோ எதுவும் செதுக்கப்படவில்லை. வெறும் எழுத்து மட்டும். அந்த எழுத்து தமிழி, அதாவது தமிழ் பிராமி.

ஒரு கல்லில் இருந்த செய்தி மூன்றே வரி. கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்துபோன பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் அது. இது கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. செங்கம் வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைத்த பல்லவர் கால நடுகற்களோ கி.பி. 6-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குபவை. நடுகல்லில் எழுத்துப் பொறிக்கும் வழக்கத்தை ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிட்டது புலிமான்கோம்பை. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாகச் சொல்லும் ஆகோள், ஒருவன் உயிரைக் கொடுத்த நிகழ்ச்சியாக வைகைக் கரைக் கல்லிலேயே கிடைத்தது. அந்தக் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கும் கூடலூராக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

இவ்வளவு பெரிய செய்தியைத் தந்த ஊர் வைகை அணையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆனால் அணைக்கு வரும் கூட்டத்தில் அங்கே போகிறவர்கள் மிகக் குறைவு.

1959 ஜனவரி 21-இல் காமராஜர் திறந்துவைத்த அணை இது. நீர்மட்டம் 71 அடி என்றால் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை விவசாயிகளுக்கு நிம்மதி. இரு கரையிலும் பூங்கா, நடுவே பாலம், பொரித்த மீன். அங்கிருந்து வண்டிகள் நேராக அருவிக்குத் திரும்பிவிடும். ஒன்று கும்பக்கரை, இல்லையென்றால் சுருளி. அணை நீருக்கடியில் போன ஊர்களை நினைப்பவர்கள், வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலைப் படித்தவர்களாக இருப்பார்கள்.

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் இதே மாதிரியான ஒருநாள் பயணம் வேறு விதமாக நடக்கிறது. காலையில் வழிகாட்டியோடு சிச்சென் இட்சா போன்ற மாயா நகரத்தின் இடிபாடுகள். வெயில் ஏறியதும் ‘செனோட்டே’ எனப்படும் இயற்கைக் குளத்தில் நீச்சல். சுண்ணாம்புப் பாறை நிலம் அது. மழைநீர் கீழே இறங்கிக் குகைகளைக் குடையும். குகையின் கூரை இடிந்துவிழுந்த இடத்தில் குளம் தோன்றும். மழைத் தெய்வம் சாக் உறையும் வாயில்கள் என்று மாயர்கள் அவற்றை வணங்கினார்கள், காணிக்கைகளை உள்ளே போட்டார்கள். சிச்சென் இட்சாவின் புனிதக் குளத்தை 1904 முதல் தூர்வாரிய எட்வர்ட் தாம்சன், பொன்னையும் பச்சைக்கல்லையும் மனித எலும்புகளையும் வெளியே எடுத்தார். அதில் பெரும்பகுதி ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று பல குளங்களை அந்தந்த ஊர்ச் சமூகமே நிர்வகிக்கிறது. கட்டணமும் வாங்குகிறது, உள்ளே அழைத்துப்போய்க் கதையும் சொல்கிறது.

தேனிப் பக்கம் இருப்பது கடினப்பாறை. இங்கே நீர் பாறையைக் கரைக்காது, தேய்க்கும். பெரியகுளத்துக்கு அருகே கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் கும்பக்கரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாறை இடுக்கில் சிக்கிய கல் வெள்ளத்தில் சுழலும். சுழன்று சுழன்று பாறையையே அரைக்கும். காலம் போகப்போகக் குழி ஆழமாகும், விளிம்பு வழவழப்பாகும். இந்தக் குழிகளுக்கு ஊர்க்காரர்கள் இட்ட பெயர் கெஜம். யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. மேலே தெளிந்து கிடக்கும் நீரைப் பார்த்தால் ஆழம் தெரியாது. உள்ளே இழுத்துவிட்டால் பிடித்து ஏறப் பிடிமானமும் இல்லை, உயிர்கள் போயிருக்கின்றன. மலையில் மழை என்றால் வனத்துறை குளிக்கத் தடை போடுவது இதனால்தான். எந்தக் குழியில் இறங்கலாம், எதில் கூடாது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த பாடம்.

சுருளிக்குப் போகிறவர்கள் குளிக்க மட்டும் போவதில்லை. ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்கும் கூட்டம் அருவிக்கரையை நிறைத்துவிடும். இந்தச் சுருளிச் சாலையில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற பக்கங்களும் விரிகின்றன. சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகள், பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பதிந்துவைத்திருப்பவை. அடுத்த ஊர் உத்தமபாளையம். அங்கே திருக்குணகிரி மலைப்பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன; கீழே வட்டெழுத்து. அதில் அச்சணந்தியின் பெயர் இருக்கிறது. மதுரையைச் சுற்றிய ஆனைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடிப் பாறைகளிலும் இதே சமண முனிவரின் பெயரைக் காணலாம். ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய வேலை இது. பக்கத்திலேயே கருப்பணசாமி கோயில் கொண்டிருக்கிறார். இந்தப் பாறையைக் கருப்பணசாமி பாறை என்றும் சொல்வதுண்டு.

பள்ளத்தாக்கின் தெற்கு முனையில், கூடலூருக்கு மேலே, காட்டுக்குள் மாயர் நகரங்களைப் போலவே சிதைந்து கிடப்பது மங்கலதேவி கண்ணகி கோயில். புலவர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரம் சொல்லும் வழியைத் தேடி நடந்து, 1963-இல் இதுவே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். சரிந்த கருங்கற்சுவர்கள், மூளியான வாயில்கள். தமிழக, கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி இருப்பதால், சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் இரு மாநில நிர்வாகமும் சேர்ந்து அனுமதிக்கின்றன. குமுளியிலிருந்து ஜீப் ஏறும். பளியன்குடிப் பாதையில் பக்தர்கள் நடந்தே ஏறுகிறார்கள். காட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் கோயிலைச் சீரமைக்கும் பேச்சு மட்டும் பல ஆண்டாக எல்லைத் தகராறிலேயே நின்றுவிடுகிறது. அதற்கான விலையைக் கல்தான் கொடுக்கிறது.

ஆக, ஒரு நாள் பயணத்துக்கு வேண்டியதெல்லாம் இந்த நிலத்தில் இருக்கிறது. சேர்த்துக் காட்டத்தான் ஆள் இல்லை. புலிமான்கோம்பை, உத்தமபாளையம், கும்பக்கரை இளைஞர்களுக்குத் தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் வனத்துறையும் சேர்ந்து வழிகாட்டிப் பயிற்சி தரலாம். அப்போது தீயன் அந்தவன் கதையையும் யானை கெஜத்தின் ஆழத்தையும் ஒருவரே சொல்லிவிடுவார். அதற்கு ஊதியம் கிடைத்தால் கல்லைக் காக்கவும் ஊரே முன்வரும்.

அதுவரை, சுருளிக்குக் கிளம்பும் குடும்பத்தினரே, உத்தமபாளையத்தில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். குழந்தைகளுக்கு அந்த வட்டெழுத்தைக் காட்டுங்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள்.