அச்சத்துக்கு மருந்து: பல்கீயின் ஏடும் இன்றைய ஆய்வும்

போர், வன்கொடுமை, பேரிடர் ஆகியவற்றில் உயிர் பிழைத்தோருள் சிலர், உடற்காயம் ஆறி ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அச்சத்திலிருந்து மீள்வதில்லை. கண்ட காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப எழுகின்றது, அதனை நினைவூட்டும் இடங்களை அவர்கள் விலக்குகின்றனர், சிற்றோசைக்கும் திடுக்கிடுகின்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதனை 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' எனத் தனி நோயாகப் பட்டியலிட்டது. பெயர் புதியது, அச்சத்துக்கு மருந்து தேடிய வரலாறோ பழையது.

பல்கு நகரையடுத்த சிற்றூரொன்றில் பிறந்து, இராக்கில் அல்கிந்தியிடம் பயின்று, ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ. அவரது 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்' உடல் நலம், உள்ள நலம் என இரு பகுதிகளை உடையது. எட்டு அத்தியாயங்கள் கொண்ட இரண்டாம் பகுதியில் சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மருந்து கூறுகின்றார். உடல் நோய்க்கென மருந்தை முன்னரே சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாயுள்ள வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அச்சமூட்டுவதை விட்டு ஓடாமல், கண்ணையும் செவியையும் அதற்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்பது மற்றொன்று.

நம் காலத்தில் எட்னா ஃபோவா போன்றோர் இதனையொத்த முறையை ஆய்வுக்குட்படுத்தினர். 1991இல் வெளியான அவர்தம் ஆய்வு, பாலியல் வன்கொடுமைக்குள்ளான 45 பெண்களிடம் சிகிச்சைகளை ஒப்பிட்டது. அழுத்தத்தைத் தாங்கப் பயிற்றும் முறை சிகிச்சை முடிந்தவுடன் மேம்பட்டு நின்றது. மூன்று மாதங்களுக்குப் பின்னரோ, அஞ்சும் நினைவை நேர்கொள்ளும் முறையே சிறந்து விளங்கியது. 2002இல் பாட்ரீசியா ரெசிக் குழுவினர் 171 பெண்களிடம் நடத்திய ஆய்வில், நேர்கொள்ளும் முறையும் தவறான எண்ணங்களைத் திருத்தும் முறையும் ஏறத்தாழச் சமமான பலனளித்தன.

70 ஆய்வுகளையும் 4,761 நோயாளரையும் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்பாய்வு 2013இல் வெளிவந்தது. அதிர்ச்சி நினைவையே மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், பிரான்சின் ஷப்பீரோ வகுத்த கண்ணசைவுச் சிகிச்சையும் பயனுடையன என அது கண்டது. அத்துடன், சான்றுகளின் தரம் மிகவும் குறைவு என்பதையும், சிகிச்சையை இடையில் கைவிட்டோர் மிகுதி என்பதையும் மறைக்காது உரைத்தது.

இவற்றைக் கொண்டு 'எல்லாம் நம் முன்னோர் சொன்னவையே' என முழங்குவது பொருந்தாது. பல்கீ இந்நோயைப் பற்றி எழுதவில்லை. சிகிச்சைகளை எண்ணிக்கையால் ஒப்பிடவும் இல்லை. எனினும், உடல் நோயுறுவது போன்றே உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் உண்டு என அவர் ஐயமின்றி நிறுவினார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும், அஞ்சி நடுங்குவோரிடம் 'ஈமான் குறைவு, ஸப்ர் இல்லை' என்று கூறி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. துஆவும் ஆறுதலும் அவர்களுக்குத் தேவையே. தேர்ந்த மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் செல்வதும் நம் கடமையாகும்.